நிறுத்துவதும் ஒரு செயலே

எக்ஸிமா என்னும் கரப்பான் நோய்க்கு ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர், ஊரெங்கும் வைரஸ் பரவும் காலத்தில் அந்த ஊசியைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது தோல் மருத்துவரின் கேள்வி. அதற்குள் அறத்தின் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. போதிய அறிவு கைக்கு வராத நேரத்தில் ஒன்றைச் செய்வது சரியா, செய்யாமல் இருப்பது சரியா? செய்யாமல் இருந்தவருக்குப் பொறுப்பு இல்லையா?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு. ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள திமிரி போன்ற ஊர்களுக்கு அந்த ஊரடங்கு இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. 2019 நவம்பர் 28 அன்றுதான் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டை தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது. திமிரி அதில் சேர்ந்தது. பெரிய வைத்தியம் என்றால் வேலூருக்குப் பஸ் ஏறுவது இப்பகுதி மக்களின் நெடுநாள் வழக்கம். நான்கே மாதத்தில் பஸ் நின்றது. வேலூர் வேறு மாவட்டமாகிவிட்டதால் எல்லை கடக்க இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. தொடர் சிகிச்சையில் இருந்தவர்கள், தாங்களாக முடிவெடுக்காமலே சிகிச்சை நின்றுபோகும் நிலைக்கு வந்தார்கள்.

நோயும் மருந்தும்

கரப்பான் என்ற சொல் தமிழ் வீடுகளில் நோயையும் குறிக்கும், நோயைக் கிளப்பும் என்று ஒதுக்கப்படும் கத்தரிக்காய், கருவாடு போன்ற பண்டங்களையும் குறிக்கும். மருத்துவம் அட்டோப்பிக் டெர்மடைட்டிஸ் என்று அழைக்கும் கரப்பானில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் வலுவை இழக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதி, எதிரியே இல்லாத இடத்தில் போர் தொடுக்கிறது. விளைவு அரிப்பு, நீர் வடிதல், வெடிப்பு, உறக்கமற்ற இரவுகள். ஆஸ்துமாவும் பலருக்கு உடன் வரும். இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இன்னொரு வகை எக்ஸிமாவையும் பிரித்தறிய வேண்டும். தோல் பதனிடும் டேனரியில் குரோம் உப்புகளைக் கையாள்பவருக்கும், பதனிட்ட தோலைத் தொட்டு வேலை செய்பவருக்கும் குரோமியம் ஒவ்வாமையால் தொடுதோல் அழற்சி வரலாம். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இதைக் கண்டுபிடிக்க உதவும். காரணப் பொருள் கையில் பட்டுக்கொண்டே இருக்கும்போது விலையுயர்ந்த ஊசி மட்டும் அந்தக் கையைக் காப்பாற்றாது.

களிம்புக்கு அடங்காத கடுமையான கரப்பானுக்கு முன்பு கிடைத்தவை ஸ்டீராய்டு மாத்திரை, சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட், அசதயோப்ரின் ஆகியவை. இவை எதிர்ப்பு மண்டலத்தைப் பரவலாக அடக்குபவை. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் வேறு வழியில் செயல்படும் பயாலஜிக் மருந்து. உயிரணுக்களில் வளர்த்தெடுக்கப்படும் இந்த எதிர்ப்புப் புரதம், இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற இரண்டு செய்திப் புரதங்கள் தங்கும் ஏற்பியை மட்டும் அடைக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படுகிறது. கண் சிவந்து எரிவது இதன் அறிந்த பக்கவிளைவு. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் வழியை இது நேராகத் தொடுவதில்லை. மருந்துச் சோதனைகளில் வெற்று ஊசி பெற்றவர்களைவிட டுபிலுமாப் பெற்றவர்களுக்குத் தோல் தொற்றுகள் குறைவாகவே வந்தன. கரப்பான் தோலில் ஹெர்ப்பிஸ் வைரஸ் பரவும் ஆபத்தான நிலையும் அவர்களிடையே குறைந்தது.

மூன்று அளவைகள்

அறிவு எந்த வழியில் வருகிறது என்ற ஆராய்ச்சியைத் தமிழ்ச் சைவ மரபு ‘அளவை’ என்று அழைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் பலவாக எண்ணிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. நேரில் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லை ஏற்பது என்பவை அவை. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் தோல் மருத்துவம் நடந்த பாதையை விளக்க இதைவிடப் பொருத்தமான சட்டகம் தேட வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் காண்டல் என்ற அளவையே இல்லை. டுபிலுமாப் எடுத்துக்கொண்டு கோவிட் கண்ட நோயாளிகளின் பதிவுகள் அப்போது திரளவில்லை. கையில் இருந்தது கருதல்தான். மருந்து எந்த வழியை அடைக்கிறது என்பது தெரியும். வைரஸை எதிர்ப்பது வேறு வழி என்பதும் தெரியும். ஆகவே பெரிய தீங்கு வராது என்று ஊகிக்க இடமிருந்தது. ஊகம் தவறலாம் என்பதும் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து உரை வந்தது. அட்டோப்பிக் டெர்மடைட்டிஸுக்கான ஐரோப்பிய நிபுணர் குழு, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைத் தொடரச் சொன்னது. டுபிலுமாப் போன்ற குறிவைத்த மருந்து வைரஸ் தொற்றின் அபாயத்தைக் கூட்டும் என்று கருதவில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகமும் தொற்று இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்றது. தொற்று உறுதியானவர்கள் குணமாகும்வரை பயாலஜிக் மருந்தைத் தள்ளிவைக்கலாம் என்றது. சர்வதேச எக்ஸிமா கவுன்சில், விடை இன்னும் தெரியவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லி, முடிவை அந்தந்த நோயாளியின் நிலைக்கு விட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் உரை அளவையின் தகுதிகளில் ஒன்று. நம்பத் தகுந்தவர் தம் அறிவின் எல்லையையும் சேர்த்தே சொல்வார்.

காண்டல் கடைசியில் வந்தது. செக்யூர்-ஏடி என்ற சர்வதேசப் பதிவேட்டில், கோவிட் கண்ட கரப்பான் நோயாளிகளின் விவரங்களை மருத்துவர்கள் பதிந்தனர். 2022இல் வெளியான தொகுப்பில் 27 நாடுகளைச் சேர்ந்த 442 பேர் இருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் டுபிலுமாப் மட்டும் எடுத்தவர்கள். மொத்தத்தில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 27 பேர். இறப்பு ஒன்றும் பதிவாகவில்லை. டுபிலுமாப் மட்டும் எடுத்தவர்களைவிட, ஸ்டீராய்டு மாத்திரையோடு வேறு அடக்கும் மருந்துகளையும் சேர்த்து எடுத்தவர்கள் மருத்துவமனைக்குச் செல்லும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது.

ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே சித்தியார் அளவையாக ஏற்கிறது. இந்தப் பதிவேட்டையும் அந்தக் கண்டிப்போடு படிக்க வேண்டும். மருத்துவர்கள் விரும்பிப் பதிந்த விவரம் இது. எல்லா நோயாளிகளும் இதில் வந்துவிடவில்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்கள் முன்பே நலம் குன்றியவர்களாக இருந்திருக்கலாம். ஆகவே டுபிலுமாப் கோவிடிலிருந்து காக்கிறது என்று முடிவுகட்ட இது போதாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லப் போதும்.

செய்யாமையின் கேடு

தீங்கு செய்யாதிருப்பது மருத்துவரின் முதல் கடமை என்று பல மரபுகள் சொல்கின்றன. இதிலிருந்து பலர் ஒரு தவறான படி ஏறுகிறார்கள்: ஐயம் இருந்தால் எதையும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்று. ஊசியைப் போட்டபின் நோயாளிக்கு ஏதாவது ஆனால் அது மருத்துவரின் செயலாகத் தெரிகிறது. ஊசியை நிறுத்தியபின் நோய் மூண்டால் அது நோயின் செயலாகத் தெரிகிறது. இரண்டிலும் முடிவெடுத்தது ஒரே ஆள்.

திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம் இந்த மயக்கத்துக்கு இடம் தரவில்லை. செய்யத் தகாததைச் செய்வதாலும் கேடு வரும், செய்யத் தக்கதைச் செய்யாமல் விடுவதாலும் கேடு வரும் என்று அது இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது. மேலைநாட்டுத் தத்துவத்தில் செய்தலுக்கும் விடுதலுக்கும் அறவேறுபாடு உண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நோயாளியைக் கையேற்றுக்கொண்ட மருத்துவரின் நிலையில் அந்த வேறுபாடு மெலிந்துபோகிறது. ஏற்றுக்கொண்ட பொறுப்பில் விடுதலும் செயல்தான்.

கரப்பான் சிகிச்சையில் இதற்குச் சான்று வெளிப்படையாக இருக்கிறது. டுபிலுமாப் நின்றால் நோய் திரும்ப மூளலாம். மூண்ட தோல் கிருமிகளுக்குத் திறந்த கதவு. அரிப்பு தாங்காத நோயாளி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது நடக்கக்கூடியது. அதாவது ஐயத்துக்குரிய ஓர் அபாயத்தைத் தவிர்க்கப்போய், அறிந்த அபாயம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுத்துவருபவர் பயந்துபோய் ஒரேநாளில் நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் சுரக்காமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். அங்கே நிறுத்துவதே கொல்லும் செயலாகிவிடும்.

ஒரே மருந்து காலத்துக்கேற்ப நன்மையாகவும் தீமையாகவும் மாறும். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் எண்ணிச் செய்யச் சொல்கிறது குறளின் ‘மருந்து’ அதிகாரம். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளிடையே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பைக் குறைத்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. இந்தியாவின் இரண்டாம் அலையில், சர்க்கரை நோயும் அளவுமீறிய ஸ்டீராய்டும் கூடிய இடங்களில் கறுப்புப் பூஞ்சை நோய் பெருகியது. 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது.

பாலாற்றங்கரையில் பிறந்த தீர்ப்பு

முன்னெச்சரிக்கை என்ற சொல் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. இந்தியச் சட்டத்தில் அந்தக் கொள்கை காலூன்றியது இதே தோல் வட்டாரத்தின் வழக்கில்தான். டேனரிக் கழிவுகள் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கேடு மீளமுடியாததாக இருக்கும் இடத்தில், அறிவியல் உறுதி முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதைச் சாக்காகக் காட்டித் தடுப்பு நடவடிக்கையை ஒத்திப்போடக் கூடாது. தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் செய்பவருக்கே உண்டு என்று அது நிறுவியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் உறுதிசெய்தது.

இதை அப்படியே மருத்துவத்துக்குக் கொண்டுவந்தால், டுபிலுமாப் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கப்படும்வரை நிறுத்திவை என்றாகும். இந்த வாசிப்பு தீர்ப்பின் உள்ளத்தைத் தவறவிடுகிறது. டேனரி வழக்கில் ஆதாயம் ஒருவருக்கு, கேடு இன்னொருவருக்கு. கழிவை விட்டவர் வேறு, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர் வேறு. ஆகவே மெய்ப்பிக்கும் சுமை ஆதாயம் பெற்றவர் தலையில் ஏறியது. கரப்பான் நோயாளிக்கோ ஆதாயமும் கேடும் ஒரே உடம்பில். ஊசி போட்டாலும் அவர் உடம்பு, நிறுத்தினாலும் அவர் உடம்பு. முன்னெச்சரிக்கை இங்கே இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும்.

நீதிமன்றமும் ஒரு பக்கம் மட்டும் பார்க்கவில்லை. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவதை அது ஏற்றுக்கொண்டது. கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்களை அமைத்துத் தொழிலைத் தொடரலாம், அமைக்காதவை மூட வேண்டும் என்பதே அதன் வழி.

முன்னெச்சரிக்கை ஒற்றைக் கண்ணாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த வட்டாரம் அறியும். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955 முதல் இயங்கும் ஷீஃபெலின் மருத்துவ நிலையம் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. தொற்றும் என்ற அச்சத்தில் நோயாளியை ஊருக்கு வெளியே தள்ளிய சமூகம், தள்ளப்பட்டவரின் இழப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பெருந்தொற்றிலும் தோல் உரிந்த கையைக் கண்டு விலகியவர்கள் உண்டு. தொற்றாத நோய்க்கு அந்த விலகல் ஒரு அநியாயம்.

உறுதியும் ஐயமும்

தோல் தொழிலில் தலைமுறைகளாக ஈடுபட்டுவரும் முஸ்லிம்கள் நிறைந்த வட்டாரம் இது. இஸ்லாமியச் சட்டவியலின் ஐந்து அடிப்படை விதிகளில் ஒன்று, உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது. தொழுகைக்கு முன் செய்யும் தூய்மையான உளூவைச் செய்தது ஒருவருக்கு உறுதியாகத் தெரியும். அது முறிந்ததோ என்று வெறும் சந்தேகம் மட்டும் எழுகிறது. அவர் உளூ உள்ளவராகவே கருதப்படுவார். இந்த விதி கரப்பான் நோயாளியின் கேள்விக்கு ஒரு பாதி விடை தருகிறது. மருந்தை நிறுத்தினால் வரக்கூடிய துன்பம் முந்தைய அனுபவத்தால் அறிந்தது. மருந்தால் கோவிட் கடுமையாகும் என்பது அன்று வெறும் ஐயம். அறிந்ததை அறியாததற்காகக் கைவிட வேண்டியதில்லை.

மறுபாதி விடைக்கு இந்த விதி மட்டும் போதாது. ஐயம் சிறியதானாலும் அதன் மறுமுனையில் மரணம் இருக்கலாம். அதனால் ஐயத்தை எடைபோட மூன்று கேள்விகள் வேண்டும். தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு? நேர்ந்தால் எவ்வளவு பெரிது? நேர்ந்தபின் திருத்த முடியுமா? முதுமை, சர்க்கரை, இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவருக்கு விடை ஒன்றாகவும், இவை இல்லாத இளைஞருக்கு வேறாகவும் வருவது முரண்பாடு அல்ல.

தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும், சிரமம் இருக்கும் இடத்தில் எளிமை வர வேண்டும் என்பதும் அந்த ஐந்து விதிகளில் அடங்கும். 2020இல் ரமலான் நோன்பு இந்தியாவின் பெரும்பகுதியில் ஏப்ரல் 25 அன்று ஊரடங்குக்கு நடுவே தொடங்கியது. ஊட்டமளிக்காத ஊசி நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. நோயாளி நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம் என்ற சலுகையும் உண்டு. வழிபாட்டுக்காக மருந்தைக் கைவிட மார்க்கம் அவரை வற்புறுத்தவில்லை.

நடைமுறையில் இந்த அறம்

இந்தச் சிந்தனைகள் சிகிச்சை அறையில் கீழ்வரும் வடிவம் பெறுகின்றன.

தொற்று இல்லாமல், நோய் கட்டுக்குள் இருப்பவர் டுபிலுமாபைத் தொடரலாம். சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றை எடுப்பவருக்கு நோயை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு எது என்று மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்க இருப்பவருக்கு அவருடைய வயதும் பிற நோய்களும் ஊரில் தொற்றின் வேகமும் சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

காய்ச்சல், இருமல் வந்தால் பரிசோதனை செய்துகொண்டு தோல் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். தொற்று உறுதியானால் அடுத்த ஊசியைத் தள்ளிவைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டுபிலுமாப் உடலில் பல வாரங்கள் தங்கும் மருந்து. காய்ச்சல் வந்த நாளில் ஊசியைத் தவிர்ப்பதால் அது மறுநாளே உடலைவிட்டு நீங்கிவிடாது. ஆகவே தள்ளிவைப்பதிலிருந்து பெரிய பாதுகாப்பை எதிர்பார்க்கவும் கூடாது, ஒரு ஊசி தவறியதற்காகப் பதறவும் வேண்டாம்.

2020 மார்ச் 25 அன்றே இந்தியா தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தோல் நோயில் படமும் பேச்சும் பெரிதும் உதவும். பயிற்சி பெற்ற நோயாளி தொடையிலோ வயிற்றிலோ தானே ஊசி போட்டுக்கொள்ளலாம். மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் 25 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 14 நாள் வரைதான் தாங்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், ஆற்காடு பகுதியில், ஃபிரிட்ஜும் தடைபடாத மின்சாரமும் இல்லாத வீட்டுக்கு, தானே ஊசி போட்டுக்கொள்ளும் இந்த வசதி எட்டாது.

கைகழுவுவதைத் தவிர்க்க முடியாது. கழுவியதும் ஈரம் காயுமுன் வாசனை சேராத மாய்ஸ்சரைசரைத் தடவ வேண்டும். வெடித்த தோலில் எரியும் சானிடைசரைவிட மென்மையான சோப்பும் தண்ணீரும் மேல். ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போடுவது வியர்வை அரிப்பைக் குறைக்கும்.

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது. மே 1 முதல் 18 வயது நிறைந்த அனைவருக்கும் திறந்தது. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யும் தடுப்பூசிகளை டுபிலுமாப் எடுப்பவர் தவிர்க்க வேண்டும். கோவிட் தடுப்பூசிகளான கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த வகை அல்ல, ஆகவே தடையில்லை.

யாருடைய முடிவு

இந்தக் கேள்வி முழுவதும் மருந்து கையில் இருப்பவருக்கே எழுகிறது. 2020இல் இந்தியக் கரப்பான் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு பயாலஜிக் ஊசி எட்டாக் கனி. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் நாட்கூலிக்கு உழைப்பவருக்குத் தொடர்வதா நிறுத்துவதா என்ற தேர்வைக் கையிருப்பே தீர்மானித்துவிடுகிறது. அறத்தைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காவிட்டால் குறையுடையதுதான். விலை குறைந்த பழைய மருந்துகளை அறிந்து, அளந்து, கண்காணித்துக் கொடுக்கும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுகளை வலுப்படுத்துவது அந்த நோயாளிகளுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

மருந்தின் கூறுகளை நான்காக வகுக்கும் குறள், நோயுற்றவரையே முதலில் வைக்கிறது. மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் அடுத்து வருகிறார்கள். முடிவு நோயாளியின் உடம்பைப் பற்றியதால், தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே அவரிடம் சொல்வது மருத்துவரின் கடமை. கேட்டு, எண்ணி, உடன்படுவது நோயாளியின் உரிமை.

அடுத்த பெருந்தொற்று வேறொரு வைரஸோடு வரும். அன்றும் கருதலே முதலில் கிடைக்கும், காண்டல் தாமதமாகும். அதுவரை ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். தொடர்வதற்குக் காரணம் கேட்பதைப் போலவே நிறுத்துவதற்கும் காரணம் கேட்க வேண்டும். கரப்பானுக்கு மருந்து எடுத்துவருபவர் எவரும், மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், அச்சத்தால் மட்டும் அதை நிறுத்திவிட வேண்டாம்.